முத்தை எண்ணினார், மூச்சை எண்ணினாரா?

தமிழன் கடலை ஆண்டான் என்பதற்குச் சான்று கேட்டால், நம்மவர் தயங்காமல் இராசேந்திர சோழனைக் காட்டுவர். 1025ஆம் ஆண்டையொட்டி அவன் படை கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கிய செய்தியைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம் ஆண்டுவிழா மேடைகளில் ஓயாமல் கேட்டு வருகிறோம். அச்செய்தி பொய்யன்று. ஆயினும் அது கப்பலின் மேல்தட்டில் நின்று கடலைக் கண்டவர்களின் கதை. நீருக்குள் மூச்சடக்கி இறங்கி, கடலின் அடித்தரையைக் கையால் தடவி மீண்ட தமிழர் பல்லாயிரவர் உளர். அவர்களைப் பற்றி நம் மேடைகள் பேசுவதில்லை. பாடப் புத்தகங்களும் "பாண்டிநாடு முத்துடைத்து" என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. அம்முத்தை எடுத்தவன் யார், எடுத்தவனுக்குக் கிடைத்தது என்ன என்ற கேள்விகளை எழுப்புவார் இலர்.

இக்கேள்வியை இன்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரின் மரினா சவுத் துறையிலிருந்து படகேறித் தென் தீவுகளுக்குச் சென்று, முகக்கண்ணாடியும், ஸ்நோர்க்கல் என வழங்கும் மூச்சுக்குழாயும் அணிந்து, ஆழமற்ற கரைநீரில் பவளத்திட்டுகளைக் கண்டு மகிழ்வோர் இன்று பலர். நம்மவருள் பெரும்பாலோர் இதனை மேனாட்டார் கொணர்ந்த பொழுதுபோக்கு என்றும், நமக்கும் கடலடிக்கும் தொடர்பில்லை என்றும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைச் சரித்திரம் காட்டும்.

தாமிரபரணியாறு கடலொடு கலந்த இடத்தில் இருந்தது கொற்கைத் துறைமுகம். பாண்டியரின் செல்வத்துக்கு அதுவே ஊற்று. ஏறக்குறைய கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல், கொற்கை முத்துக்குளிப்பைக் குறிப்பிடும்போது ஒரு செய்தியைச் சொல்கிறது. அங்கே முத்தெடுக்கும் வேலையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்பதே அது. ரோமாபுரிச் சீமாட்டியரின் கழுத்தில் ஒளிர்ந்த மணிகளுக்குப் பின்னே, அரச தண்டனைக்கு அஞ்சிக் கடலில் குதித்த மனிதன் இருந்தான். முத்துக்குளித்தலின் சரித்திரம் இவ்வாறே தொடங்குகிறது.

கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலோரம் வந்த வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ, பங்குக் கணக்கையே எழுதி வைத்துச் சென்றார். வணிகர் கூட்டுச் சேர்ந்து மூழ்குவோரைக் கூலிக்கு அமர்த்தினர். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, மூழ்குவோரைப் பெருமீன்கள் தீண்டாதபடி மந்திரத்தால் வாயைக் கட்டுவதாகச் சொன்ன மந்திரவாதிகளுக்கு. இம்மந்திரம் பகலில் மட்டுமே வேலை செய்யுமாம். இரவானதும் அதை அவிழ்த்துவிடுவராம். நீரில் இறங்கியவனுக்குக் கூலி. கரையில் நின்று முணுமுணுத்தவனுக்குப் பங்கு! இதனினும் தெளிவாகச் சமுதாயத்தின் நிலையைப் படம்பிடித்துக் காட்டுவது அரிது.

அறியாமையின் காலத்துச் செய்தி இது என்று தள்ளிவிடவும் இயலாது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் முத்துக்குளிப்பை நடத்திய ஆங்கிலத் துரைத்தனத்தாரும் "கடல்கட்டி" எனப்பட்ட சுறாக்கட்டும் மந்திரவாதிக்கு ஊதியம் அளித்து வந்தனர். அவன் இல்லாவிடில் மூழ்குவோர் நீரில் இறங்க மறுத்ததே காரணம். நூற்றுக்கணக்கான படகுகள் ஒருங்கே திரண்டு எழுப்பிய ஆரவாரமே சுறாவை அகற்றியது என்று கருதுவது அறிவுக்குப் பொருந்தும். ஆரவாரத்துக்குக் கூலி கொடுப்பார் இல்லை, மந்திரத்துக்குக் கிடைத்தது.

மூழ்குவோனை உண்மையில் காத்தவை கல்லும் கயிறும் தோழனும் ஆகும். ஒரு கனமான கல்லைக் கட்டிய கயிற்றில் காலை வைத்து, மூச்சை இழுத்து அடக்கி, மூக்கை விரலால் பொத்திக்கொண்டு அவன் இறங்குவான். அராபியர் மூக்கில் கவ்வி மாட்டுவர். நம்மவருக்கு விரலே கவ்வி. ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழம். அடியில் இருப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்குள் கைக்கெட்டிய சிப்பிகளை இடுப்பில் தொங்கும் வலைப்பையில் வாரிப் போட்டுக் கயிற்றை அசைக்க வேண்டும். மேலே நிற்பவன் அந்த அசைவை உணர்ந்த கணமே இழுக்க வேண்டும். தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் துணியமாட்டான் என்பதனால், மைத்துனன் கையிலேயே கயிற்றைக் கொடுப்பர் என்று தென்பாண்டிக் கடற்கரையில் சொல்வது வழக்கம்.

ஆட்சிகள் மாறின. 1530களில் பரதவர் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினர். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார்க் கரையில் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரித்து, இரண்டைத் துரைத்தனத்தார் எடுத்துக்கொண்டு ஒன்றை மூழ்கினவர்களுக்கு விட்டனர். 1906இல் இலங்கைச் சலாபத்தை 20 ஆண்டுக் குத்தகைக்கு இலண்டன் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்தனர். 1907க்குப் பின் பல ஆண்டுகள் குளிக்கச் சிப்பியே இல்லாது போயிற்று. ஜப்பானில் மிகிமோட்டோ 1893இல் வெற்றி கண்ட வளர்ப்பு முத்து, பின்னாளில் உலகச் சந்தையை நிரப்பியது. தூத்துக்குடியில் இறுதி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அத்துடன் இரண்டாயிரம் ஆண்டுத் தொழில் ஒன்று ஓய்ந்தது.

நிற்க. கொற்கையில் கைதியைக் கடலுக்கு அனுப்பிய வழக்கத்துக்கும் சிங்கப்பூருக்கும் என்ன தொடர்பு எனின், இங்கும் கைதி பவளத்தைத் தொட்டான் என்பதாம். 1825இல் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு இந்தியக் கைதிகளைக் கொண்டுவந்தனர். முதலில் வந்திறங்கிய 80 பேரும் சென்னை மாகாணத்திலிருந்து தண்டிக்கப்பட்டவர்கள். 1873 வரை இக்கைதிகளே சாலையிட்டனர், சதுப்பு நிலம் தூர்த்தனர், கட்டடம் எழுப்பினர். கட்டடத்துக்குச் சுண்ணாம்பு வேண்டும். அதற்குத் தீவைச் சூழ்ந்திருந்த பவளத்திட்டுகளே கைகொடுத்தன. கைதிகள் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கிய செய்தியை, அவர்களின் கண்காணிப்பாளராக இருந்த மக்நேர் துரை 1899இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். கைதிகளின் உழைப்பால் எழுந்து 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்களில், முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்தரைத்த சென்னைச் சுண்ணச்சாந்து பூசப்பட்டது. அச்சுவரின் வெண்மையைப் புகழ்வோர், அதனைப் பூசிய கைகளை எண்ணுவதில்லை.

தேக்கா என்றும் லிட்டில் இந்தியா என்றும் இன்று நாம் வழங்கும் சிராங்கூன் சாலைப் பகுதிக்கு முன்னாளில் தமிழர் இட்ட பெயர் "சுண்ணாம்புக் கம்பம்" என்பது. செங்கற் சூளைகளும் சுண்ணாம்புக் குழிகளும் அங்கே இருந்தன. கம்போங் காப்போர் என்னும் மலாய்ப் பெயருக்கும் சுண்ணாம்பூர் என்றே பொருள். பூக்கடையும் நகைக்கடையும் நிறைந்த அத்தெருக்களில் நடப்போர், தம் காலடியில் கிடக்கும் சரித்திரத்தில் கடலுக்கும் ஒரு பங்குண்டு என்பதை அறிவாரோ?

அதே நூற்றாண்டில் இன்னொரு காட்சியும் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நிகழ்ந்தது. நீராவிக் கப்பல் வந்து நின்றவுடன், மலாய், ஓராங் லாவுட் சிறுவர்கள் சிறு தோணிகளில் சூழ்ந்துகொள்வர். மேல்தட்டிலிருந்து வெள்ளையர் காசை வீசுவர். காசு அடியைத் தொடுமுன் சிறுவர் மூழ்கி அதைப் பற்றிக்கொண்டு மேலே வருவர். பிரயாணிகள் பலர் இதனை வேடிக்கையாக எழுதி வைத்தனர், நிழற்படமும் எடுத்தனர். அச்சிறுவர்களின் முன்னோர், 1819இல் ராபிள்ஸ் வந்திறங்குமுன்பே இக்கடலைத் தம் வீடாகக் கொண்டவர்கள். ஒவ்வொரு நீரோட்டத்தையும் திட்டையும் அறிந்தவர்கள். அவ்வறிவு காசு பொறுக்கும் வித்தையாகச் சுருங்கிவிட்டது.

இத்திறமை குலத்தோடு பிறந்தது, மற்றவருக்கு வாராது என்று சிலர் கூறுவர். அது ஆராய்ந்து பார்க்க வேண்டிய கூற்று. தாய்லாந்தின் சுரின் தீவுகளில் வாழும் மோக்கன் என்னும் கடல்மக்களின் குழந்தைகள், ஐரோப்பியக் குழந்தைகளைவிட இருமடங்கு தெளிவாக நீருக்குள் காண்கின்றனர் என்று சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் அன்னா கிஸ்லேன் 2003இல் வெளியிட்டார். பின்னர் ஐரோப்பியக் குழந்தைகளுக்கும் அவர் பயிற்சி அளித்தார். அவர்களும் அவ்வாறே காணக் கற்றுக்கொண்டனர். நீருக்குள் காணும் கண்ணைப் பழக்கம் தந்ததேயன்றிப் பிறப்புத் தரவில்லை என்பது இதனால் விளங்கும். பிறப்பை வைத்துத் தொழிலையும், தொழிலை வைத்து மதிப்பையும் அளந்து பழகிய நம் சமுதாயம் இதனை நெஞ்சில் நிறுத்துவது நன்று.

தோட்டத்துத் தோழர்களுக்கும் இக்கதையில் இடமுண்டு. 1933இல் பிரான்சில் லூயி தெ கோர்லியூ என்பார், மூழ்குவோர் காலில் அணியும் நீந்துதுடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். அது இரப்பரால் ஆனது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு 1877இல் வந்த 22 கன்றுகளிலிருந்து தழைத்த தொழிலால், அந்நாளில் உலகுக்கு மிகுதியாக இரப்பர் அளித்த நாடு மலாயா. அப்பாலை விடியுமுன் எழுந்து வடித்தவருள் பெரும்பகுதியினர் தமிழர். மேனாட்டு விளையாட்டு என்று நாம் ஒதுக்கும் கருவியின் வரலாற்றிலும் நம்மவர் வியர்வை உண்டு.

இன்றைய நிலை யாது? 1960களில் ஏறக்குறைய 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர், கடலைத் தூர்த்து இன்று 730க்கு மேல் விரிந்துள்ளது. பவளத்திட்டுகளில் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது பங்கு மறைந்தது. 10 மீட்டர் வரை தெளிவாகத் தெரிந்த நீரில், மண் கலங்கியதால் இன்று 2 மீட்டர் தொலைவே தெரிவது வழக்கம். வீடும் துறைமுகமும் தொழிற்சாலையும் வேண்டியிருந்தன, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் எஞ்சியதில் ஏறக்குறைய 250 வகைக் கற்பவளங்கள் இன்னும் உயிர்வாழ்கின்றன. 2014இல் சிஸ்டர்ஸ் தீவுகள் நாட்டின் முதல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதனருகே உள்ள செயின்ட் ஜான்ஸ் தீவு, கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளரை நோய்க்காப்பு முகாமில் தடுத்து வைத்த அதே தீவு. இன்று அங்கே கடலாராய்ச்சிக் கூடம் இயங்குகிறது. மேற்கே புலாவ் ஹந்து உள்ளது. ஹந்து என்றால் மலாய் மொழியில் பேய். பெயருக்கு அஞ்சாமல் கரையிலிருந்தே நீரில் இறங்குவோர்க்கு அங்கே பேய் தென்படுவதில்லை. பவளமும் கடற்குதிரையும் தென்படுகின்றன.

அங்குச் செல்வோர் அறிய வேண்டியவை சில. நீரோட்டத்தின் நேரம் பார்த்தே இறங்க வேண்டும். பவளத்தைத் தொடலாகாது, மிதிக்கலாகாது. அது கல்லன்று, உயிர். தனியே ஒருபோதும் மூழ்கலாகாது. துணைவன் ஒருவன் அருகே இருத்தல் வேண்டும் என்பது இன்றைய பயிற்சியாளர்களின் முதல் விதி. கயிற்றை மைத்துனன் கையில் கொடுத்த நம் முன்னோர் அவ்விதியை என்றோ அறிந்திருந்தனர்.

மூச்சடக்கி மூழ்கும் தமிழர் பழங்கதையாகிவிட்டனர் என்றும் எண்ண வேண்டா. இராமநாதபுரக் கடற்கரையில், பாம்பனை அடுத்த சின்னப்பாலம் முதலிய ஊர்களில், பெண்கள் இன்றும் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, ஆழமற்ற கடலில் மூழ்கிப் பாசி எடுக்கின்றனர். அதிலிருந்தே அகர் என்னும் கடற்பாசிப் பொருள் ஆகிறது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. பின்னர் தீவுகளை அணுகக் கட்டுப்பாடுகள் இறுகின. கடலைக் காப்பது கடமைதான். ஆனால் அக்கடலை நன்கறிந்த பெண்களைக் கேளாமலே விதி வகுத்தால் அது எவ்வாறு நீதியாகும்? அப்பெண்கள் சங்கம் அமைத்தனர். பாசி எடுக்கும் நாட்களைத் தாமே வரையறுத்துக்கொண்டனர். அவர்களின் தலைவியருள் ஒருவரான லட்சுமி 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசைப் பெற்றார். சோழன் படையெடுப்பைப் பாடும் நம் மேடைகளில் இவர் பெயரை எத்தனை முறை கேட்டோம்?

தோட்டத்தில் கணக்கெழுதுவது எம் தொழில். எத்தனை கிலோ பால் என்று எழுதுவோம். மரத்தின் உயிர்த்தோலில் காயம்படாமல் சீவும் கையின் நுட்பத்துக்கு அக்கணக்கேட்டில் பத்தி கிடையாது. சரித்திரமும் அத்தகைய கணக்கேடே. அரசன் பங்கும், மந்திரவாதி பங்கும், கம்பெனி குத்தகையும் அதில் பதிவாயின. ஒரு நிமிட மூச்சைப் பணயம் வைத்தவன் பதிவாகவில்லை. விடுபட்டதைச் சேர்த்தெழுதுவது நம் கடன். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தென் தீவுகளுக்குச் செல்லுங்கள். முகக்கண்ணாடியை அணிவித்து நீருக்குள் நோக்கச் செய்யுங்கள். இது பிறர் கடலென்று அவர்கள் ஒதுங்காதிருக்க, கொற்கைக் கைதி முதல் சின்னப்பாலத்துப் பெண்கள் வரை அங்கே இறங்கினவர்களின் கதையையும் கூடவே சொல்லுங்கள்.