‘65 வயசுக்கு மேல வெளியே வராதீங்க’: ஊரடங்கில் கருவேப்பிலங்குறிச்சி முதியவர்களின் வாசலுக்கு எது வந்தது, எது வரல?

கொரோனா காலத்தில் வயதானவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை ஒரே வரிதான்: வீட்டிலேயே இருங்க. 2020-ல் மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஊரடங்கு வழிகாட்டுதல்களில், 65 வயதைத் தாண்டியவர்கள் மருத்துவம், அத்தியாவசியத் தேவை தவிர வேறெதற்கும் வெளியே வர வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது.

மருத்துவ ரீதியா இது சரியான அறிவுரை. 1918-ல் உலகைப் புரட்டிப்போட்ட இன்ஃப்ளூயன்சா, நடுத்தர வயதுக்காரர்களையும் இளைஞர்களையும் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. கொரோனா அதற்கு நேரெதிர். வயது ஏற ஏற ஆபத்தும் ஏறியது. சர்க்கரை, பிரஷர் இருந்தால் இன்னும் மோசம்.

ஆனால் கிராமத்தில் ஒரு பாட்டிக்கு வீடு என்பது பெரும்பாலும் சமைக்கவும் படுக்கவும்தான். பென்ஷன், ரேஷன், மாத்திரை, 100 நாள் வேலை, கோயில், பேச்சுத்துணை எல்லாமே வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது. அப்படியென்றால் வெளியே போகாதே என்று சொன்னபிறகு, இதையெல்லாம் உள்ளே கொண்டுவந்தது யார்? கடலூர் மாவட்டம் கருவேப்பிலங்குறிச்சியை வைத்துப் பார்க்கலாம்.

ஊர் எங்கே இருக்கு?

விருத்தாசலம் வட்டத்தில், விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில் இருக்கிறது கருவேப்பிலங்குறிச்சி. விருத்தாசலம் என்றாலே பீங்கான்தான் ஞாபகம் வரும். பொம்மை, அகல் விளக்கு செய்யும் சூளைகள், பீங்கான் தொழிற்பேட்டை, அதற்கென்றே ஒரு அரசு தொழில்நுட்பக் கல்லூரி எல்லாம் அங்கே உண்டு. இன்னொரு விஷயம், அந்த ஊர்ப் பெயரிலேயே முதுமை இருக்கிறது. விருத்தாசலம் என்றால் பழைய மலை. தமிழில் திருமுதுகுன்றம்.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து அதே சாலையில் தெற்கே போனால் கொஞ்ச நேரத்தில் அரியலூர் மாவட்டம் வந்துவிடும். சாதாரண நாளில் யாரும் கவனிக்காத எல்லை அது. ஊரடங்கில் அதுதான் பெரிய விஷயமானது.

பொண்ணு வீட்டுக்குப் போகவும் இ-பாஸ்

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் பஸ் நின்றது. ஜூன் 1-ல் மண்டலம் மண்டலமாக மறுபடி ஓட ஆரம்பித்தபோது, கடலூர் ஒரு மண்டலத்தில் இருந்தது, அரியலூர் வேறொரு மண்டலத்தில். மண்டலம் தாண்ட இ-பாஸ் வேண்டும். இந்தப் பக்கம் பெண் எடுத்து அந்தப் பக்கம் கொடுப்பது சாலையோர ஊர்களில் சர்வசாதாரணம். ஆண்டிமடம் பக்கம் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க ஒரு அம்மா ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், ஆதாரைப் பதிவேற்ற வேண்டும். கையில் இருப்பதோ பட்டன் போன்.

ஜூலையில் பஸ் மறுபடி நின்றது. செப்டம்பர் 1-ல் மாவட்டத்துக்குள் ஓடியது, மாநிலத்துக்குள் இ-பாஸும் அன்றோடு முடிந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓட செப்டம்பர் 7 ஆனது. பஸ்ஸை மட்டுமே நம்பியிருந்த வயதானவர்களுக்கு, பக்கத்து மாவட்டத்துப் பேரப்பிள்ளை ஐந்து மாதத்துக்கும் மேல் போனில் கேட்கும் குரல் மட்டும்தான்.

போக முடியாதவர்களின் கதை இது. திரும்பி வந்தவர்களால் வந்தது வேறொரு கவலை. சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் வேலை பார்த்த கடலூர் மாவட்டத்துக்காரர்கள் ஊர் திரும்பியபோது தொற்றும் கூடவே வந்தது. 2020 மே 4 அன்று ஒரே நாளில் இந்த மாவட்டத்தில் 122 பேருக்குத் தொற்று உறுதியானது. அன்று மாநிலம் முழுக்க மொத்தமே 527. வெளியூரிலிருந்து வந்தவர்களை வீட்டில் தனிமைப்படுத்தச் சொன்னார்கள். தனி அறை, தனி கழிப்பறை இருக்கும் வீட்டுக்கு அது சரி. ஒரே கூடமும் ஒரு அடுப்படியும் உள்ள வீட்டில் மகன் உள்ளே படுத்தால், அப்பா திண்ணைக்குத்தான் போகணும்.

1,000 ரூபாய் எப்படி வந்தது?

அப்போது முதியோர் உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய். வங்கி முகவர்கள், தபால்காரர்கள் மூலம் கைரேகை மெஷினோடு வீட்டுக்கே வந்து பணம் தரும் ஏற்பாடு இருந்தது. மத்திய அரசு தன் பங்குக்கு 500, 500 ஆக இரண்டு தவணையில் கூடுதலாக 1,000 ரூபாய் அறிவித்தது. ஆனால் அது தேசிய சமூக உதவித் திட்டப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும். மாநில அரசின் சொந்தத் திட்டங்களில் பென்ஷன் வாங்குகிறவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. அடுத்தடுத்த வீட்டில் இரண்டு பாட்டிகள், இருவருக்கும் மாதம் அதே 1,000, கூடுதல் பணம் ஒருவருக்கு மட்டும் என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அரிசி கார்டுக்கு 1,000 ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் 2020 ஏப்ரலில் டோக்கன் போட்டுக் கொடுக்கப்பட்டது. 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் 14 மளிகைப் பொருட்களும் வந்தன. இவை பெரிய உதவிதான், மறுக்க முடியாது.

ஆனால் 100 நாள் வேலை மறுபடி தொடங்கியபோது 55 வயதைத் தாண்டியவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லப்பட்டது. அப்போது ஒரு நாள் கூலி 256 ரூபாய். நாலே நாள் வேலை போனாலும் ஒரு மாத பென்ஷனை விட அதிகமாகக் கையைவிட்டுப் போனது. பாதுகாப்புக்காகத்தான் சொன்னார்கள். அந்தக் கூலிக்கு ஈடு என்ன என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

தொடாதே என்ற காலத்தில் வந்த கைரேகை

எதையும் தொடாதீங்க, கையைக் கழுவுங்க என்று சொல்லிக்கொண்டிருந்த 2020 அக்டோபர் 1-ல்தான் தமிழ்நாட்டில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் தொடங்கியது. ரேஷன் கடைக்குக் கைரேகை மெஷின் வந்தது. கார்டில் பெயர் உள்ள யாராவது ஒருவர் நேரில் வந்து விரல் வைக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்துக்குப் பிரச்னை இல்லை. கார்டில் தன் பெயர் மட்டுமே உள்ள பாட்டி தானே போய்த்தான் ஆகணும். கரும்பு வெட்டி, களை பறித்து, களிமண் பிசைந்து தேய்ந்த விரல் மெஷினில் ஒரே தடவையில் பதியாது. நடக்கவே முடியாதவர்கள் வேறொருவருக்கு அங்கீகாரக் கடிதம் எழுதிக்கொடுக்கலாம் என்ற வழி இருந்தது, ஆனால் அது தெரிந்தவர்கள் குறைவு.

மாத்திரை

பிரஷர், சுகர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஆனால் பஸ் இல்லாமல் அங்கே போவது எப்படி? வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்களுக்குச் சேர்த்துக் கொடுத்து சமாளித்தார்கள். வீடு தேடி மாத்திரை வருவது ஒரு திட்டமாகவே மாறியது 2021 ஆகஸ்ட் 5-ல். அன்றுதான் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி வைக்கப்பட்டது. நல்ல திட்டம், இன்றும் நடக்கிறது. ஆனால் அது வந்தது இரண்டாவது அலையின் உச்சம் கடந்த பிறகு.

தடுப்பூசியும் இதே வரிசைதான். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 2021 மார்ச் 1 முதல் போடப்பட்டது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே போடலாம் என்று மத்திய அரசு சொன்னது செப்டம்பர் கடைசியில். அதாவது, வெளியே போகவே முடியாதவருக்கு ஏழு மாதம் தாமதம்.

இங்கிலாந்தில் அதிக ஆபத்துள்ள சுமார் 22 லட்சம் பேரைப் பட்டியல் எடுத்து, தேவைப்பட்டவர்களின் வாசலில் உணவுப் பெட்டி வைத்தார்கள். நம்மிடமும் பட்டியல் இல்லாமல் இல்லை. பென்ஷன் பட்டியல் வருவாய்த்துறையிடம், கார்டு விவரம் உணவுத்துறையிடம், சுகர் நோயாளி பதிவேடு சுகாதாரத்துறையிடம். ஒரே பாட்டியின் பெயர் மூன்று இடத்திலும் இருந்தது. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

சீரியலும் நின்னுச்சு, பிராதும் நின்னுச்சு

சோறு, மாத்திரை மட்டுமா வாழ்க்கை? 2020 மார்ச்சில் படப்பிடிப்பு நின்றதும் சீரியல்களின் புது எபிசோடுகள் நின்றன. பழைய தொடர்கள் மறுஒளிபரப்பாயின. தினமும் சாயங்காலம் ஒரே கதையைப் பற்றிப் பேசிக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பழக்கமும் கூடவே போனது. 

விருத்தாசலம் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் மனக்குறையைத் தாளில் எழுதி ‘பிராது’ கட்டுவது வழக்கம். மகன் கவனிக்கல, கொடுத்த காசு திரும்பல என்று கலெக்டரிடம் சொல்ல முடியாததை எல்லாம் சாமியிடம் சொல்வார்கள். பெரிய கோயில்கள் எல்லாம் 2020 செப்டம்பர் 1 வரை மூடியே இருந்தன. குறை சொல்லும் அந்தக் கடைசி இடமும் ஐந்து மாதம் பூட்டுதான்.

இப்போ எது மிச்சம்?

மாத்திரை வீட்டுக்கு வருகிறது. 2025 ஆகஸ்ட் 12-ல் ‘தாயுமானவர்’ திட்டம் தொடங்கியபோது, 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷனும் வீடு தேடி வர ஆரம்பித்தது. முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயானது. ரேஷனுக்கு விரல் பதியவில்லை என்றால் ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓடிபி கேட்கலாம். அந்த நம்பர் பழைய சிம்மா, பேரனுடையதா என்பதை இப்போதே பார்த்து வைப்பது நல்லது. வீட்டில் பெரியவர்களுக்குக் கவனிப்பு இல்லை, தொந்தரவு என்றால் முதியோர் உதவி எண் 14567. மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108.

வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் எப்போதும் காய்ச்சல் அடிக்கும் என்று சொல்ல முடியாது. திடீர்க் குழப்பம், சாப்பாடு வேண்டாம் என்பது, நிலைதடுமாறி விழுவது கூட அறிகுறிதான். ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விடாமல், ஆக்ஸிஜன் அளவு 94-க்குக் கீழே போகிறதா என்று பாருங்க. போனால் உடனே 108.