காமிரா பேசிய பாஷை

சென்ற மாதம் பழைய பீரோவை ஒழித்துக் கொண்டிருந்தபோது அடித்தட்டில் ஒரு டிஜிட்டல் காமிரா அகப்பட்டது. 2001-ஆம் வருஷம் என் மாமா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொடுத்தது. அதைக் கையில் எடுத்ததும் எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. அதற்குள் என் பாட்டி இருந்தாள்.

பாட்டி காலமாவதற்கு மூன்று மாதம் முன்பு, அவள் திண்ணையில் உட்கார்ந்து முறுக்குச் சுற்றுவதைப் படம் எடுத்தேன். கம்ப்யூட்டருக்கு மாற்றுவதை இன்று நாளை என்று தள்ளிப் போட்டேன். அந்தக் காமிராவில் கழற்றக் கூடிய கார்டு கிடையாது. படம் பார்க்கத் திரையும் கிடையாது. கம்பெனி கொடுத்த குறுந்தகட்டில் இருந்த புரோகிராம்தான் படங்களை வெளியே அழைக்கும். அதுவோ இன்றைய கம்ப்யூட்டர் எதிலும் ஓட மறுத்தது. கம்பெனிக்கு எழுதினேன். அந்த மாடலுக்கு உதவுவதை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகிவிட்டன என்று மரியாதையாகப் பதில் வந்தது.

"மாமா, என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாமே?" என்றான் என் அக்காள் மகன்.

"காசு வாங்கினவனே கையை விரித்துவிட்டான். இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸா எடுத்துக் கொடுக்கப் போகிறது?" என்றேன்.

பையன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

1975-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், கோடாக் கம்பெனியின் இளம் இன்ஜினீயர் ஸ்டீவன் ஸாஸன் பிலிம் இல்லாத காமிரா ஒன்றைச் செய்து முடித்தார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். படம் மொத்தம் 10,000 புள்ளிகள். அதுவும் கறுப்பு வெள்ளை. ஒரு படம் கேஸட் நாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. இருபது வருஷத்துக்குப் பிறகு அதன் சந்ததிகள் கடைகளுக்கு வந்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷை பேசிற்று. "உன்னிடம் எத்தனை படம் இருக்கிறது?" என்று கம்ப்யூட்டர் கேட்பதற்கும், காமிரா பதில் சொல்வதற்கும் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று எண்களை வைத்துக் கொண்டது. பெரும்பாலும் அந்த எண்களை வெளியே சொல்வதில்லை. விண்டோஸுக்கும் மாக்கின்டாஷுக்கும் ஒரு புரோகிராமைக் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது.

இதற்கிடையில் 1991-ல், பின்லாந்தின் ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸை வெளியிட்டிருந்தார். யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆட்கள் சேர்ந்தார்கள். ஆனால் அவர்கள் ஆசையாக வாங்கிய காமிரா, அவர்களுடைய கம்ப்யூட்டருக்கு முன்னால் ஊமையாக உட்கார்ந்திருந்தது.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒட்டுக் கேட்டார்கள்! காமிராவை விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, கம்பெனியின் புரோகிராமை ஓடவிட்டு, ஒயர் வழியே போகிற வருகிற எண்களை எல்லாம் பதிவு செய்தார்கள். ஒரு படம் எடுத்து ஒரு முறை, இரண்டு படம் எடுத்து மறு முறை. எந்த இடத்தில் 1 என்பது 2 ஆயிற்றோ, அதுதான் படங்களின் எண்ணிக்கை! இப்படியே சொல் சொல்லாக ஓர் அகராதி சேர்ந்தது.

1837-ல் ஜேம்ஸ் பிரின்ஸெப் பிராமி எழுத்தை வாசித்ததும் இந்த மாதிரிதான். சாஞ்சியின் கல் வேலியில் பல வாசகங்கள் ஒரே எழுத்துக்களில் முடிவதைப் பார்த்தார். பக்தர்கள் கொடுத்த கொடை அல்லவா, அது 'தானம்' என்ற சொல்லாக இருக்க வேண்டும் என்று ஊகித்தார். அந்தச் சொல்லைப் பற்றிக் கொண்டுதான் அசோகனையே பேச வைத்தார்கள்.

1990-களின் கடைசியில், சம்பளம் வாங்காத இந்த அகராதிக்காரர்கள் சிலர் 'ஜிபோட்டோ' என்ற பொதுப் புரோகிராமில் ஒன்று கூடினார்கள். 1998-ல் ஜப்பானில் படங்களை எந்தப் பெயருள்ள அறையில் வைப்பது என்று ஒரு விதி வகுத்தார்கள். உங்கள் கைபேசியில் 'டிசிஐஎம்' என்று ஓர் அறை இருக்கிறதே, அது அந்த விதியின் மிச்சம். 2000-ல் தயாரிப்பாளர்களின் சங்கமே 'பிடிபி' என்ற பொதுப் பாஷையை வெளியிட்டது. 2001 ஜனவரியில் வந்த லினக்ஸின் 2.4-ஆம் பதிப்பு, யூஎஸ்பி ஒயரை நன்றாகவே புரிந்து கொண்டது. புதிய காமிராக்களுக்கு வழி பிறந்தது. பழைய காமிராக்களின் பாஷைகளையும் ஜிபோட்டோ தூக்கி எறியவில்லை. இன்று அதற்கு 2,000-க்கு மேற்பட்ட காமிராக்களைத் தெரியும். கோடாக் கம்பெனி 2012-ல் கடன் தாங்காமல் கோர்ட்டில் பாதுகாப்புக் கேட்டது. அதன் பழைய காமிராக்கள் பலவற்றின் பாஷை இந்தப் பட்டியலில் அழியாமல் இருக்கிறது.

பையன் ஒயரை மாட்டினான். முதலில் "காமிராவைக் கைப்பற்ற முடியவில்லை" என்று கம்ப்யூட்டர் கைவிரித்தது. என் முகம் வாடியதைக் கண்டு, "பயப்படாதீங்க மாமா, படம் காட்டுகிற இன்னொரு புரோகிராம் முந்திக் கொண்டு அதைப் பிடித்துக் கொண்டிருக்கு. ஒரே சமயத்தில் ஒருத்தர்தான் பேச முடியும்" என்றான். அந்தப் புரோகிராமை மூடிவிட்டு மறுபடியும் கேட்டான். காமிராவின் பெயர் திரையில் வந்தது. பிறகு, பதினாறு படங்கள்.

ஒன்பதாவது படத்தில் பாட்டி இருந்தாள். இன்றைய திரையில் அது உள்ளங்கை அகலந்தான். கையில் மாவு, "என்னடா இது விளையாட்டு?" என்று கேட்பது போலப் பாதி திரும்பிய முகம்.

காமிரா என்னுடையது, படம் என்னுடையது, பாட்டியும் என்னுடையவள். சாவி மட்டும் இத்தனை வருஷம் வேறொருவனிடம் இருந்திருக்கிறது! எங்கேயோ ஒரு தேசத்தில், இதே மாடல் காமிராவைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு, எவனோ ஒரு புண்ணியவான் இரவெல்லாம் எண்களை ஒப்பிட்டுப் பார்த்து இன்னொரு சாவி செய்திருக்கிறான். ஒருவேளை அவனுடைய காமிராவுக்குள்ளும் ஒரு பாட்டி இருந்தாளோ என்னவோ!