வந்த வழியே ஓடும் பணம்: பேராசிரியர் ஜோமோ சுந்தரம்

பேராசிரியர் ஜோமோ குவாமே சுந்தரம் மலேசியாவின் முன்னணிப் பொருளியலாளர்களில் ஒருவர். 1952-இல் பினாங்கில் பிறந்தார். கென்யாவின் ஜோமோ கென்யாட்டா, கானாவின் குவாமே நிக்ருமா ஆகிய விடுதலைத் தலைவர்களின் பெயர்களே அவருக்கு வைக்கப்பட்டன. அமெரிக்காவின் யேல், ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களில் படித்துத் திரும்பியவர், 2004 வரை நீண்ட காலம் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

அவர் தொடங்கிய 'இன்சான்' ஆய்வுக் கழகம் 1989-இல் மலேசிய இந்திய ஏழைகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டது. சாறு உறிஞ்சப்பட்ட ஆரஞ்சுப் பழங்கள் என்பது தலைப்பின் பொருள். தோட்டம் துண்டாடப்பட்டுக் கிள்ளானுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு அந்தத் தலைப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அனைத்துலக நிதித் துறையில் அவர் பெயர் பரவலாகப் பேசப்பட்டது 1997 நெருக்கடியின்போதுதான். அந்த ஆண்டு ஜூலையில் தாய்லாந்தின் பாட் சரிந்தது. சுமார் 2.50 ரிங்கிட்டாக இருந்த ஒரு டாலர், 1998 ஜனவரியில் 4.88 ரிங்கிட்டைத் தொட்டது. வெளிநாட்டில் பிள்ளையைப் படிக்க வைத்த பிரிக்பீல்ட்ஸ் பெற்றோர் ஒருவர், 1,000 டாலர் கட்டணத்துக்கு 2,500 ரிங்கிட் கட்டிய இடத்தில் ஏறக்குறைய இரு மடங்கு கட்ட வேண்டிய நிலை.

1998 செப்டம்பர் 1-இல் பிரதமர் மகாதீர் அரசு மூலதனக் கட்டுப்பாட்டை அறிவித்தது. மறுநாள் டாலரின் மதிப்பு 3.80 ரிங்கிட் என நிலைநிறுத்தப்பட்டது. பங்குச் சந்தையில் போட்ட அந்நியப் பணத்தை 12 மாதங்களுக்கு வெளியே கொண்டு போக முடியாது. நாட்டைக் காத்த முடிவு என்றனர் ஒரு சாரார். பேரழிவு என்றனர் மறு சாரார்.

ஜோமோ இரு பக்கமும் சேரவில்லை. கட்டுப்பாடே தவறு என்று அவர் சொல்லவில்லை. ஆனால், நெருக்கடி தொடங்கி 14 மாதங்கள் கழிந்து, ஓட வேண்டிய பணம் பெரும்பாலும் ஓடிய பிறகு கதவைச் சாத்தியதால் எவ்வளவு பயன் என்று கேட்டார். 1998-இல் 7.4 விழுக்காடு சுருங்கிய மலேசியப் பொருளாதாரம் மறு ஆண்டு 6.1 விழுக்காடு வளர்ந்தது உண்மை. ஆனால் இத்தகைய கட்டுப்பாடு இல்லாத தென்கொரியாவும் அப்போது மீண்டதே! பணம் உள்ளே நுழையும்போதே கண்காணிக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1994 தொடக்கத்தில் மலேசியா அதைச் செய்து, அதே ஆண்டிலேயே கைவிட்டிருந்தது. செல்வாக்குள்ள நிறுவனங்களைக் கைதூக்கி விட்டதையும் அவர் கடுமையாக விமர்சித்தார்.

2005 முதல் 2012 வரை ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் பொருளாதார வளர்ச்சிக்கான உதவித் தலைமைச் செயலாளராகவும், பின்னர் 2015 வரை அதன் உணவு, வேளாண்மை அமைப்பிலும் பணியாற்றினார். 2007-இல் லியோன்டிப் பரிசு பெற்றார். 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பின் ஐ.நா. பொதுச்சபைத் தலைவர் அமைத்த, ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் தலைமையிலான நிபுணர் குழுவில் அவரும் இருந்தார். 1998-இல் அந்தக் கட்டுப்பாடுகளைச் செயல்படுத்திய பேங்க் நெகாராவின் ஸெத்தி அக்தாரும் அதே குழுவில் இருந்தார்.

2018 மே மாதம் மீண்டும் பிரதமரான மகாதீர், ஐவர் ஆலோசனைக் குழுவை அமைத்தார். டாயிம் சைனுடின், ஸெத்தி, ரோபர்ட் குவோக், ஹசான் மரிக்கான் ஆகியோருடன் ஐந்தாமவர், 1998-இல் அதே அரசை விமர்சித்த ஜோமோ.