‘ஒன்று’ என்பது எது? ‘அடுத்ததைத் தா’ என்ற கட்டளையின் சிறு வரலாறு

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? த, மி, ழ். மூன்று. முதலாம் வகுப்புப் பிள்ளையும் இதைத்தான் சொல்லும். ஆனால் பைதன் மொழியில் ஒரு ஃபோர் லூப் எழுதி, இந்தச் சொல்லில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தா எண்டு கேட்டுப் பாருங்கோ. ஐந்து வரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. சொல்லைத் தலைகீழாக்கச் சொன்னால் இன்னும் மோசம். புள்ளி முன்னுக்கு அந்தரத்தில் நிற்கும். மகரத்தில் இருந்த குறி ழகரத்தில் போய் ஒட்டி ‘ழிமத’ எண்டு வரும்.

கொம்பியூட்டருக்குத் தமிழ் தெரியாது எண்டு சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால், ‘ஒவ்வொன்றாகத் தா’ எண்டு கேட்கும்போது, எது ‘ஒன்று’ என்பதைத் தீர்மானிக்கிறது ஆர்? இந்தக் கேள்விக்கு ஐம்பது வருட வரலாறு இருக்கு.

1970களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவும் அவருடைய குழுவும் க்ளூ என்றொரு செய்நிரல் மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். தரவு உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கு என்பது வெளியில் இருப்பவருக்குத் தெரியத் தேவையில்லை என்பதுதான் அந்த மொழியின் அடிப்படை எண்ணம். பெட்டியைப் பூட்டி வை, என்ன கேட்கலாம் என்பதை மட்டும் வெளியில் எழுதி ஒட்டு. பிற்காலத்தில் லிஸ்கோவுக்கு 2008ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்ததற்கு இந்த வேலையும் ஒரு முக்கிய காரணம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. பூட்டின பெட்டிக்குள் இருக்கிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேணும் எண்டால் என்ன செய்வது?

நூலகத்தில் வாசகர் உள்ளே போக முடியாத ஒரு புத்தகக் களஞ்சியத்தை நினைச்சுப் பாருங்கோ. அங்குள்ள எல்லாப் புத்தகத்தையும் பார்க்க உங்களுக்கு மூன்று வழி உண்டு. முதலாவது, நீங்களே உள்ளே போவது. நாளைக்கு அலுமாரியை மாற்றி அடுக்கினால் உங்களுக்கு வழி தெரியாது. இரண்டாவது, எல்லாப் புத்தகத்தையும் ஒரேயடியாக மேசைக்குக் கொண்டுவரச் சொல்வது. மேசை தாங்காது, பத்தாவது புத்தகத்திலேயே தேடினது கிடைச்சால் மிச்சம் சுமந்தது வீண். மூன்றாவது, நூலகர் ஒன்றைத் தந்துவிட்டு, எந்த இடத்தில் நிறுத்தினவர் என்பதை ஞாபகம் வைச்சிருந்து, நீங்கள் ‘அடுத்தது’ எண்டு கேட்கும்போது அங்கிருந்து தொடர்வது.

க்ளூ இந்த மூன்றாவது வழியை எடுத்தது. 1975இல் லிஸ்கோவின் குழு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கு அல்பார்ட் என்ற மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தவர்களைச் சந்தித்தது. அல்பார்டில் இதற்கு ஜெனரேற்றர் எண்டு ஒரு தீர்வு இருந்தது. நல்ல யோசனை, ஆனால் தேவைக்கு மேல் சிக்கலானது எண்டு இவர்களுக்குப் பட்டது. திரும்பி வரும் விமானத்திலேயே குழுவில் ஒருவரான ரஸ் அட்கின்சன் அதை எளிமையாக்கி ஒரு வடிவம் கொடுத்தார் எண்டு லிஸ்கோவ் பிற்பாடு எழுதியிருக்கிறார். அதுதான் இற்றரேற்றர். அதன் உயிர்நாடி ‘யீல்ட்’ என்ற ஒரு சொல். ஒரு ஃபங்ஷன் விடையைத் தந்துவிட்டு முடிந்துபோகாமல், இடையில் நின்று ஒன்றைக் கையில் தந்துவிட்டு, கேட்கும்போது விட்ட இடத்தில் இருந்து தொடரும்.

1977இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் கிரிஸ்வோல்ட் தொடங்கிய ஐகன் மொழி இதே போன்ற எண்ணத்தைத் தன் மையமாகவே வைத்துக்கொண்டது.

1991இல் வெளிவந்த பைதனுக்கு இது வந்துசேரப் பத்து வருடம் பிடித்தது. பழைய பைதனில் ஃபோர் லூப் எண்களை நம்பித்தான் இருந்தது: பூச்சியமாவதைத் தா, ஒன்றாவதைத் தா, இரண்டாவதைத் தா எண்டு பிழைச்செய்தி வரும்வரைக்கும் கேட்கும். வரிசை இலக்கம் உள்ள லிஸ்ட்டுக்கு இது சரி. அகராதி போன்ற டிக்‌ஷனரிக்கு வரிசை இலக்கம் எங்கே? அதன் சொற்களை எல்லாம் முதலில் ஒரு லிஸ்ட்டாகக் கொட்ட வேணும். அதாவது மேசை நிறையப் புத்தகம்.

2001 டிசம்பரில் வந்த பைதன் 2.2 இதை மாற்றியது. இப்போது ஃபோர் லூப் இலக்கம் கேட்பதில்லை. ‘அடுத்தது’ எண்டு மட்டும் கேட்கும். முடிந்தால் ‘முடிந்தது’ எண்டு ஒரு சைகை வரும். அவ்வளவுதான் ஒப்பந்தம். ஒரு கோப்பை வரி வரியாக லூப்பில் நேரடியாக வாசிக்க முடிந்ததும் அதோடுதான். அதே பதிப்பில் யீல்டும் வந்தது.

இந்த ஒப்பந்தத்தில் கேட்பவர் ‘அடுத்தது’ எண்டு மட்டும்தான் சொல்கிறார். எது ஒன்று என்பதைத் தீர்மானிக்கிறது தருபவர். பைதன் 3இன் எழுத்துச் சரம், யூனிகோடின் ஒவ்வொரு குறியீட்டையும் ஒன்றாகத் தருகிறது. யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக உருவான இஸ்கி குறியீட்டின் வழியில், ‘மி’யை மகரமாகவும் இகரக் குறியாகவும் இரண்டாக வைத்தது. ‘தமிழ்’ ஐந்தானது இப்படித்தான்.

ஆனால் அந்தத் தீர்மானம் கடைசித் தீர்மானம் இல்லை. நாங்களும் தருபவராகலாம். சின்ன ஒரு ஃபங்ஷன் போதும். கையில் ஒரு வெற்றுச் சரத்தை வைத்துக்கொள்ளுங்கோ. குறியீடுகள் ஒவ்வொன்றாக வரட்டும். வருவது புள்ளியோ உயிர்க்குறியோ எண்டால் கையில் இருப்பதோடு ஒட்டுங்கோ. இல்லையெண்டால், கையில் ஏதும் இருந்தால் அதை யீல்ட் செய்துவிட்டு, வந்ததைக் கையில் எடுங்கோ. எல்லாம் முடிந்ததும் கையில் மிஞ்சியதையும் யீல்ட் செய்யுங்கோ. இதை விட்டால் கடைசி ‘ழ்’ காணாமல் போகும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டுக்கும் தனியாக விதி எழுத வேணும். பத்துப் பன்னிரண்டு வரிக்குள் வேலை முடியும். இதே வேலைக்கு ஓப்பன் தமிழ் என்ற திறந்த மூல நிரல் நூலகமும் இருக்கு.

சொல்விளையாட்டு, யாப்புப் பார்க்கும் செயலி, எழுத்து எண்ணிக்கை எல்லை வைக்கிற படிவம் எண்டு தமிழை எண்ணுகிற எதைச் செய்தாலும் இந்தச் சின்ன ஃபங்ஷன் உள்ளே இருக்க வேணும். இல்லையெண்டால் அவை எண்ணுவது வேறு ஆரோ பிரித்துவைத்த துண்டுகளை. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இந்த வேலையில் ஒரு பங்கு இருக்கு. லூப் எழுத ஆரும் பழகலாம். ‘ஸ்ரீ’யை ஒரு எழுத்தாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா எண்டு முடிவெடுக்க இலக்கணம் தெரிஞ்ச ஆள் வேணும்.