அஞ்சல்தலையும் முகவரியும்

சேர்த்து வைத்தல் மனித இயல்பு. சிறுவன் கோலிக்குண்டு சேர்க்கிறான். பெரியவன் பொன்னும் மண்ணும் சேர்க்கிறான். இவ்விரு பருவத்தார்க்கும் பொதுவாய், அறிவையும் மகிழ்வையும் ஒருங்கே தருவது அஞ்சல்தலை சேர்த்தல். 1840ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தில் 'கறுப்புப் பென்னி' என்னும் முதல் அஞ்சல்தலை வெளிவந்தது. அன்றிலிருந்து இக்கலை உலகெங்கும் பரவியது. அதைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதி பெரிதன்று. முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு அஞ்சல்தலைக் கழகம் நடத்தி வருகிறேன். இளமையில் இக்கலையில் ஒரு பெரும்பிழை செய்தேன். இரண்டாவது தகுதியே இக்கட்டுரைக்குக் காரணம்.

உம்பாய்க்கு அப்பால், மெர்லிமாவ் செல்லும் வழியில், இன்று எந்த வரைபடத்திலும் பெயர் காணப்படாத ஒரு தோட்டத்தில் நான் பிறந்தேன். எனக்குப் பத்து வயதிருக்கும். தோட்டம் கைமாறியது, லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பாட்டி காலமாகியிருந்தார். அவருடைய தகரப்பெட்டியில் ஊரிலிருந்து வந்த கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன. வேண்டாத பழம்பொருள்களைக் கொல்லைப்புறத்தில் எரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அப்போது அஞ்சல்தலைப் பித்து. ஒவ்வோர் உறையின் மூலையையும் கிழித்துத் தலையை எடுத்துக்கொண்டு, எஞ்சியதை நானே தீயிலிட்டேன். கிழித்த துண்டுகளை நீரில் ஊறவைத்துப் பிரித்துப் பயிற்றுப் புத்தகத்தில் ஒட்டியபோது என் உள்ளம் பூரித்தது.

பின்னாளில் தந்தையாரிடம், "நம் பூர்விக ஊர் எது?" என்று கேட்டேன். இந்நாட்டில் பிறந்த அவர், "தஞ்சாவூர்ச் சீமை என்பார்கள்" என்றார். அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. ஓடிச்சென்று என் ஏட்டைப் புரட்டினேன். ஓர் அஞ்சல்தலையின்மீது வட்ட முத்திரையின் ஒரு பாதி பதிந்திருந்தது. அதில் 'குடி' என்று முடியும் ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரிந்தன. மறுபாதி உறையோடு எரிந்துபோயிற்று. தஞ்சையில் குடி என முடியும் ஊர்கள் எத்தனை என்பதை அந்நிலத்தை அறிந்தவர் அறிவர். அன்றுதான் அஞ்சல்தலை வேறு, அஞ்சல் வரலாறு வேறு என்பது எனக்குப் புலப்பட்டது.

ஒரு நாடு போதும்

தொடக்கத்தில் எல்லாரும் உலக நாடுகள் அனைத்தின் தலைகளையும் சேர்க்க முயல்வர். அஃது எல்லை காணா முயற்சி. ஆழ்ந்து கற்க விரும்புவோர் ஒரு நாட்டைத் தெரிந்தெடுத்துக்கொள்வதே முறை. அந்நாட்டின் தலைகளோடு மேலச்சுகள், முத்திரைகள், அஞ்சற் கட்டணங்கள், கடிதம் சென்ற வழிகள் ஆகியவற்றையும் வரிசையாகத் தேடும்போது, பாடநூல் சொல்லாத வரலாறு வெளிப்படும். நான் நம் நாட்டையே தெரிந்தெடுத்தேன். அதிலும் மலாக்காவைத் தனியே பிரித்து வைத்தேன்.

இந்தியத் தலையும் மலாக்கா முத்திரையும்

1826ஆம் ஆண்டில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என ஒன்றிணைக்கப்பட்டன. 1867 வரை அவற்றின் ஆட்சி இந்திய நிர்வாகத்தோடு பிணைந்திருந்தது. ஆதலால் 1854ஆம் ஆண்டில் இந்தியாவெங்கும் அஞ்சல்தலைகள் வழக்கிற்கு வந்தபோது, அதே தலைகள் இங்கும் பயன்பட்டன. நாகப்பட்டினத்திலிருந்து சென்ற கடிதத்திலும் மலாக்காவிலிருந்து சென்ற கடிதத்திலும் விக்டோரியா அரசியின் முகமும் அணாக் கணக்குமே காணப்பட்டன. பிறகு இரண்டையும் எவ்வாறு வேறுபடுத்துவது? முத்திரையைக் கொண்டுதான். மலாக்கா அஞ்சல் நிலையத்திற்கு 'பி 109' என்னும் எண் வழங்கப்பட்டிருந்தது. பினாங்கிற்கு 'பி 147'. சிங்கப்பூருக்கு 'பி 172'. சாதாரண இந்தியத் தலையொன்றில் இவ்வெண் தெளிவாகப் பதிந்திருந்தால், சேகரிப்போர் அதனைப் போற்றிப் பாதுகாப்பர். தாளும் மையும் இந்தியாவுடையவை, முத்திரை மலாக்காவுடையது. நம்மவர் வாழ்வும் ஏறத்தாழ அத்தகையதே எனின் மிகையாகாது.

1867 ஏப்ரல் முதல் நாள் நீரிணைக் குடியேற்றங்கள் பிரிட்டிஷ் முடியின் நேரடிக் குடியேற்றமாயின. அணாக் கணக்கு நீங்கிக் காசுக் கணக்கு வந்தது. புதிய தலைகள் ஆயத்தமாகும் வரை, இந்தியத் தலைகளின்மேல் முடிச்சின்னமும் காசு மதிப்பும் அச்சிடப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் 9 வகைகள் வெளியாயின. அவ்வாண்டின் இறுதியில்தான் இந்நிலத்திற்கெனத் தனித்தலைகள் வந்தன. அவற்றிலும் மலாக்காவின் பெயர் இல்லை. மலாக்காவின் பெயரைத் தாங்கிய முதல் அஞ்சல்தலையைக் காண 1948 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி மணவிழாவை ஒட்டி அது வெளியிடப்பட்டது.

நான்கு தலைக்கு ஒரு முத்திரை

இதற்கிடையே போர் வந்தது. 1942 ஜனவரியில் மலாக்கா ஜப்பானியர் வசமாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் அஞ்சல் பணி மீண்டும் தொடங்கியபோது, கையிருப்பிலிருந்த நீரிணைத் தலைகளின்மேல் மலாக்கா இராணுவ நிர்வாகத்தின் சதுர முத்திரை சிவப்பு மையில் குத்தப்பட்டது. அம்முத்திரை பெரிது, ஆகவே நான்கு தலைகளின்மீது பரவிப் பதிந்தது. தனித்தலை ஒன்றில் முத்திரையின் கால்பங்கே இருக்கும். நான்கும் பிரியாமல் ஒன்றாய் இருந்தாலன்றி முழு முத்திரையைப் படிக்க இயலாது. பாதி முத்திரையைத் தீயிலிட்ட எனக்கு, இந்த நான்கு தலைத் தொகுதியைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு உறுத்தும்.

1943ஆம் ஆண்டில் ஜப்பானியர் மலாயாவுக்கெனப் படத்தலைகள் வெளியிட்டனர். அவ்வரிசையில் பால்மரம் வெட்டும் காட்சியும் ஒன்று. அதே ஆண்டில் பால்மரம் வெட்டிய கைகள் எங்கிருந்தன? தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஓடிய இரயில்பாதையின் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டு அங்கே சென்றன. ஆளும் போயினர், இரும்பும் போயிற்று. இந்தியாவோடு வழக்கமான அஞ்சல் போக்குவரத்தும் அற்றுப்போயிற்று. என் பாட்டனாரும் சயாம் சென்றவர், திரும்பவில்லை. அவரிடமிருந்து ஒரு வரியும் வந்ததில்லை என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். என் ஏட்டில் அந்தப் பால்வெட்டுத் தலைக்கு எதிர்ப்பக்கத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

நெல்லி மரமும் பால்மரமும்

விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பு, 1957 மே 5ஆம் நாள், மலாயாக் கூட்டரசின் முதல் அஞ்சல்தலைகள் வெளிவந்தன. அவற்றுள் 6 காசுத் தலை பால்மரம் வெட்டும் காட்சியைத் தாங்கியது. மலாயாவின் வணிக முறையிலான ரப்பர்த் தோட்டத் தொழில் 1896இல் தான் சாய் யான் என்பவரால் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான் தொடங்கப்பட்டது. ஆகவே அச்சிறு தலைக்கு மலாக்காவும் உரிமை கொண்டாடலாம்.

சுல்தான் ஆண்ட மாநிலங்கள் பலவும் தத்தம் சுல்தானின் உருவத்தை அஞ்சல்தலையில் பொறித்தன. சுல்தான் இல்லாத மலாக்காவிலோ 1957ஆம் ஆண்டு வரிசையிலும் எலிசபெத் அரசியின் முகமே இருந்தது. 1960 மார்ச் 15ஆம் நாள் வந்த புதிய வரிசையில் அம்முகம் நீங்கி, மலாக்கா மரமும் சருகுமானும் இடம்பெற்றன. பரமேசுவரா ஒரு மரத்தடியில் இளைப்பாறியபோது, சருகுமான் ஒன்று வேட்டை நாயை எதிர்த்து உதைத்ததாம். அம்மரத்தின் பெயரையே அவர் ஊருக்கு இட்டாராம். இது மரபுவழிக் கதை. அந்த மலாக்கா மரம் வேறெதுவுமன்று. அதியமான் ஔவைக்குக் கனியளித்த நம் நெல்லி மரமேதான். இதனை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர் கண்கள் விரியக் கண்டிருக்கிறேன்.

அக்காலத்தில் அஞ்சல் துறையும் அடங்கிய அமைச்சுக்குப் பொறுப்பேற்றிருந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடிழந்த நிலையைக் கண்டு, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. ஆயினும் எல்லாத் தோட்டங்களையும் காத்துவிட இயலவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1986 அக்டோபரில் வெளிவந்த வேளாண் பொருள் வரிசையில் 15 காசுத் தலை ரப்பருக்கும் 20 காசுத் தலை செம்பனைக்கும் உரியன. அவ்விரண்டையும் அருகருகே ஒட்டும்போது, என் தலைமுறை கண்ட மாற்றம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடுகிறது.

உறையைக் கிழிக்காதீர்

அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பழைய உறையொன்றையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "ஐயா, இதை எப்படி வெட்டுவது?" என்று கேட்டான். நான் கத்தரிக்கோலை வாங்கி மேசையில் வைத்தேன். உறையை இருவருமாகப் படித்தோம். அனுப்பியவர் ஊர், முத்திரையின் நாள், பெறுபவரின் பெயர், தோட்டத்தின் பெயர், எத்தனையாம் டிவிஷன் என்பது வரை அதில் இருந்தது. அத்தோட்டம் இன்று வீடமைப்புத் திட்டமாக மாறிவிட்டது, பெயரும் மாறிவிட்டது. "இவர் என் கொள்ளுத் தாத்தா" என்று மெல்லச் சொன்னான் அவன். தலையின் சந்தை மதிப்பு சில காசுகளே. அதைத் தாங்கிய உறைக்கு நான் விலை சொல்ல மாட்டேன்.

மலாக்கா நகரில் அஞ்சல்தலைக்கென அரும்பொருளகம் அமைந்தது. அங்கே அரிய தலைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. தோட்டத்து முகவரி எழுதிய உறைகளைத் தேட வேண்டிய இடமோ நம் வீட்டுப் பெட்டிகள். மின்னஞ்சலும் கைப்பேசியும் வந்த பின்னர், கடிதம் எழுதுவார் அருகிவிட்டனர். இருப்பவை இவ்வளவே, இனிப் பெருகப் போவதில்லை.

ஆதலின் பெற்றோர்க்கும் இளைஞர்க்கும் சில சொல்வேன். பழைய உறைகளைக் கிழிக்காதீர். தலையை நீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர். பசையிட்டு ஒட்டாமல், உலர்ந்த இடத்தில் தாளுறையிட்டு வையுங்கள். எழுதியவர் யார், பெற்றவர் யார் என்பதை வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே கேட்டு, தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றிற்குப் பொருட்செலவு ஏதுமில்லை.

தலையும் உறையும் சேர்ந்திருந்தால்தான் முத்திரை முழுமை பெறும். என் ஏட்டில் இருக்கும் 'குடி' இன்னும் தன் மறுபாதியைத் தேடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தேட்டம் என்னோடு முடியட்டும். என் மாணவர்க்கு வேண்டாம்.