விழுங்க முடியாதவர்களின் கணக்கு

ஆரல்வாய்மொழியைப் பற்றி எழுதுகிறவர்கள் கோட்டையை எழுதுவார்கள், 1809-இல் திருவிதாங்கூர் தளவாய் வேலுத்தம்பியின் படை ஆங்கிலக் கும்பினியிடம் அதை இழந்ததை எழுதுவார்கள். இப்போது காற்றாலைகளும் சேர்ந்துகொண்டன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து திருவிதாங்கூருக்குள் நுழையும் இந்த வாசலில் காவல் படைக்காக மட்டும் இருந்ததில்லை. புகையிலைக்காகவும் இருந்தது: அதன் வியாபாரத்தை 1863 வரை அரசே ஏகபோகமாக வைத்திருந்தது. அதற்குப் பிறகும் சுங்கம் வாங்கியது. வெற்றிலையும் பாக்கும் நமக்கு மிகப் பழையவை. சிலப்பதிகாரத்தில் கோவலன் உண்டு முடித்ததும் கண்ணகி கொடுப்பது அவற்றைத்தான். புகையிலையோ போர்த்துக்கீசியருக்குப் பின் வந்த சரக்கு. இரண்டும் ஒரே வாயில் சேர்ந்ததற்கு இந்த வாசலை ஒட்டிய நாஞ்சில் நாடு கொடுத்த விலையை வாய்ப்புற்றுக் கட்டிகளை எண்ணி அளந்தால் போதாது, விழுங்க முடியாமல் போனவர்களையும் எண்ண வேண்டும் என்பதே என் கட்சி.

விழுங்குவதில் நம் விருப்பத்துக்கு உட்பட்டது மென்று, நாக்கால் கவளத்தைப் பின்னே தள்ளுவது வரைதான். அதற்கப்பால் மூளைத்தண்டு பொறுப்பேற்கிறது. அண்ணத்தின் பின்பகுதி மேலெழுந்து மூக்குவழியை அடைக்கிறது, குரல்வளை உயர்ந்து மூடிக்கொள்கிறது, மூச்சு நிற்கிறது, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. எல்லாம் ஒரு நொடிக்குள். தப்பித் தவறி ஒரு பருக்கை குரல்வளையைத் தொட்டால் இருமல் அதை வெளியே எறிகிறது. புரையேறியவர் தலையில் தட்டி ‘யாரோ நினைக்கிறார்கள்’ என்கிறோமே, அது நல்ல சகுனம்தான்: காவல் விழித்திருக்கிறது. அஞ்ச வேண்டியது புரையேறாமலே உள்ளே இறங்கும் உணவுக்கு. சத்தமின்றி நுரையீரலில் சேர்ந்து, காய்ச்சலாகவும் நிமோனியாவாகவும் பிறகு அது வெளிப்படும். நாக்கும் கன்னமும் அண்ணமும் புண்ணாகி இறுகியவருக்கு இந்த ஒழுங்கு முதல் படியிலேயே குலைகிறது. வலிக்குப் பயந்து கஞ்சிக்கு இறங்குகிறார். மெல்லிய திரவமோ கட்டிச் சோற்றைவிட எளிதில் மூச்சுவழிக்குள் நழுவும். இப்படிப்பட்டவரைப் பட்டினியோ நிமோனியாவோ முந்திக்கொள்ளலாம். கட்டியின் கணக்கில் அந்தச் சாவு சரியாகப் பதிவாவதில்லை.

திருவிதாங்கூரின் நெய்யூரில் 1838-இல் தொடங்கிய மருத்துவ மிஷன் இந்த நோயாளிகளை ஏராளமாகக் கண்டது. பென்டால் என்ற மருத்துவர் திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்று பற்றி ஓர் என்ற மருத்துவர் 1933-இல் லான்செட்டில் எழுதினார். நெய்யூரில் மருத்துவராகப் பணியாற்றிய ஹோவர்ட் சாமர்வெல்லுக்குத் தொண்டை அடைபட்டால் என்னாகும் என்பது சொந்த உடம்பிலேயே தெரியும். 1924 ஜூனில் எவரெஸ்டிலிருந்து இறங்கும்போது, குளிரில் கருகிய அவருடைய குரல்வளைச் சவ்வு பிய்ந்து மூச்சை அடைத்தது. இருமல் பயன்படவில்லை. இரு கைகளாலும் மார்பை அழுத்தி அதை வெளியே தள்ளி உயிர் பிழைத்தார்.

பேர்பெற்ற ஆஸ்பத்திரிக்குக் கடைசி நம்பிக்கையோடு நோயாளிகள் வந்து குவிவார்கள், அந்த எண்ணிக்கையை ஊரின் நிலைமையாகக் கொள்ளலாமா என்று கேட்கலாம். கொள்ளக் கூடாதுதான். ஆனால் ஆஸ்பத்திரியின் புகழ் நோயாளியைக் கொண்டுவரும். புண் எங்கே வர வேண்டும் என்பதை அது தீர்மானிக்காது. மேலைநாட்டில் நாக்கிலும் உதட்டிலும் மிகுதியாகக் கண்ட புற்று இங்கே கன்னத்தின் உட்புறத்தில், புகையிலையை அதக்கி வைக்கும் இடத்தில் வந்தது. அப்படியானால் குற்றம் புகையிலையுடையது, தாம்பூலம் நிரபராதி என்று மரபை நேசிப்பவர்கள் சொல்வதுண்டு. எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான்; சான்று இடம் கொடுக்கவில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட தொகுதி, புகையிலை சேராத தாம்பூலத்தையும் வெறும் பாக்கையும்கூடப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியது. கட்டியே இல்லாமல் கன்னச் சதையை நாராக இறுக்கி, வாய் திறக்கவும் விழுங்கவும் விடாமல் செய்யும் நோய்க்கும் பாக்குதான் முதன்மைக் காரணம். நவீன மருத்துவம் அதைத் தனி நோயாக விவரித்தது 1952-இல், கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் கண்டபோது. பென்டாலோ ஓரோ எண்ணியிருக்கக்கூடிய நோயாக அது அதற்கு முன் இருக்கவில்லை.