பழைய எம்50-ஆ, புதிய ஆர்50-ஆ? முதல் கேமரா வாங்குவோர் லென்ஸையும் பார்க்க வேண்டும்

ஜார்ஜ் டவுன்: தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலை. லெபோ பினாங்கில் உள்ள கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுகிறது. 2017 முதல், குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வேலைச் சுமந்து தங்க ரதமும் புறப்படுகிறது. தெருவின் இரு பக்கமும் நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் உயரும். அவற்றுக்கு நடுவே, கழுத்தில் ஒரு சிறிய கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு இடம் தேடும் இளையோரையும் பார்க்கலாம்.

அந்த இளையோரில் பலருக்குப் படம் எடுப்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல. நிபோங் திபாலிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்தைப் படம் எடுத்துக் கொடுத்து, பிறகு தோட்டத்துக் கோயில் திருவிழா, அதன் பிறகு ஒரு திருமணம் என்று பகுதிநேர வருமானத்துக்கு வழி தேடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் கேமரா என்பது சில மாதச் சேமிப்பு. தவறான ஒன்றை வாங்கிவிட்டால் திரும்பச் சேமிக்க இன்னொரு வருடம் ஆகும்.

அப்படிப்பட்டவர்கள் முன் அடிக்கடி வந்து நிற்கும் இரண்டு பெயர்கள் கேனன் ஈஓஎஸ் எம்50, ஈஓஎஸ் ஆர்50. இரண்டும் மிரர்லெஸ் வகை. அதாவது பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் இருப்பதுபோல் உள்ளே கண்ணாடி இல்லை. சென்சார் பார்ப்பதையே திரையும் வியூஃபைண்டரும் காட்டும். இரண்டும் தொடக்கநிலையினருக்காக வந்தவை. எம்50 அறிமுகமானது 2018 பிப்ரவரியில். ஆர்50 சரியாக ஐந்தாண்டு கழித்து, 2023 பிப்ரவரியில். அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட தொடக்க விலையைப் பார்த்தால், லென்ஸ் இல்லாமல் எம்50 779.99 டாலர், ஆர்50 679.99 டாலர். புதியது 100 டாலர் குறைவு! ஆனால் இன்று எம்50 செகண்ட்ஹேண்டில்தான் கிடைக்கும் என்பதால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. பழையது மலிவு, புதியது கையைக் கடிக்கும். கேள்வியே அங்கிருந்துதான் பிறக்கிறது.

முதலில் ஒரு பயத்தை நீக்கிவிடலாம். அசையாமல் நிற்கும் ஒருவரை நல்ல வெளிச்சத்தில் இரண்டு கேமராவிலும் எடுத்து ஆல்பத்தில் ஒட்டினால், எது எதில் எடுத்தது என்று வீட்டார் யாரும் சொல்லப் போவதில்லை. பழையதில் 24.1 மெகாபிக்சல், புதியதில் 24.2. சென்சாரின் அளவும் ஒன்றே. இரண்டு படங்களையும் தரம் குறையாமல் சுமார் 20 அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். ‘பழைய கேமரா, படம் மங்கலாக வரும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வித்தியாசம் அசைவில் தெரியும். எம்50 வந்த புதிதில் அதன் கண்-கண்டறியும் வசதி ஒரு முறை ஃபோகஸ் செய்து நிறுத்தும் நிலையில்தான் வேலை செய்தது. நடந்து வருபவரின் கண்ணைத் தொடர்ந்து பிடிக்காது. முகத்தைத் தொடரும், ஆனால் கூட்டத்தில் சில சமயம் பக்கத்திலிருப்பவரிடம் தாவிவிடும். ஆர்50-இல் கேனனின் இரண்டாம் தலைமுறை ஃபோகஸ் முறை இருக்கிறது. ஆளின் கண், தலை, உடல் என்று ஒன்று மறைந்தால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். நாய், பூனை, பறவை, வாகனம் ஆகியவற்றையும் தனியாக அறியும். தண்ணீர்மலையில் காவடி எடுத்து ஆடி வருபவரின் முகத்தில் அலகும் திருநீறும் பூமாலையும் பாதியை மறைத்திருக்கும். அந்த நேரத்தில் இந்த வசதியின் அருமை புரியும். இருட்டில் தீமிதி எடுப்பவர்களுக்கும் அப்படியே. தீக்குழியின் ஒளிக்கு எதிரே ஓடி வருபவரை ஃபோகஸில் வைத்திருப்பது எளிதல்ல.

தொடர் வேகத்தில் எம்50 நொடிக்கு 10 படம், ஆர்50 12 படம். மின்னணு ஷட்டரில் ஆர்50 15 படம் வரை எடுக்கும். விளம்பரத்தில் இந்த 15-ஐத்தான் பெரிதாகப் போடுவார்கள். ஆனால் எல்இடி அலங்கார விளக்கின் கீழ் மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினால் படத்தில் கோடு கோடாக விழக்கூடும், வேகமாக அசையும் பொருள் வளைந்தும் தெரியும். தேரைச் சுற்றி எத்தனை எல்இடி என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘ரா’ கோப்பில் எடுத்தால் இரண்டுமே ஓரிரு நொடிக்குள் மூச்சு வாங்கி நின்றுவிடும்.

காணொலி எடுப்போருக்குத் தீர்ப்பு இன்னும் தெளிவு. எம்50-இன் பெட்டியில் 4கே என்று எழுதியிருக்கும். ஆனால் 4கே-க்கு மாறியவுடன் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே பயன்படும். காட்சி சுருங்கி, 15 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 24 மி.மீ. போல நடந்துகொள்ளும். அதோடு அதன் நல்ல ஃபோகஸ் முறையும் 4கே-யில் வேலை செய்யாது. வேறொரு மெதுவான முறையில் முன்னும் பின்னும் தேடும். எனவே எம்50-ஐ முழு எச்டி கேமரா என்று நினைத்து வாங்குவதே நியாயம். அந்த அளவில் அது இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆர்50 சென்சாரின் முழு அகலத்தையும் பயன்படுத்தி நொடிக்கு 30 ஃபிரேமில் 4கே பதிவு செய்யும்; ஃபோகஸும் குறையாது. மைக் செருகும் வாய் இரண்டிலும் உண்டு. ஹெட்ஃபோன் செருக இரண்டிலும் வழி இல்லை. ஒலி சரியாகப் பதிவாகிறதா என்பதைத் திரையில் உள்ள அளவுகோலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் கடைக்காரரே சொல்லக்கூடியவை. பலர் விசாரிக்காமல் விடுவது லென்ஸ் மாட்டும் வாயைப் பற்றி.

எம்50-இன் வாய் ஈஎஃப்-எம். 2012-இல் கேனன் தன் முதல் மிரர்லெஸ் கேமராவோடு கொண்டு வந்தது. ஆர்50-இன் வாய் ஆர்எஃப். அது வெளிவந்தது 2018-இல், அதாவது எம்50 கடைக்கு வந்த அதே ஆண்டில். அப்போது எம்50 வாங்கியவர்களுக்குத் தெரியாது, தங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே நிறுவனம் வேறொரு பெரிய வீடு கட்டத் தொடங்கிவிட்டது என்று. ஈஎஃப்-எம் வாய்க்குக் கேனன் மொத்தம் எட்டு லென்ஸ்கள்தான் செய்தது. 2023-இல் அந்த வரிசையே உற்பத்தியிலிருந்து நின்றுவிட்டது.

ஈஎஃப்-எம் லென்ஸை ஆர்50-இல் மாட்டவே முடியாது. அடாப்டர் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. ஆர்எஃப் வாயில் லென்ஸ் அமரும் இடத்துக்கும் சென்சாருக்கும் இடையே 20 மி.மீ. இருக்கிறது, ஈஎஃப்-எம்மில் 18 மி.மீ.தான். லென்ஸை இன்னும் 2 மி.மீ. உள்ளே தள்ள வேண்டியிருக்கும்போது நடுவில் அடாப்டர் எங்கே நுழையும்? பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் ஈஎஃப் லென்ஸ்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவற்றுக்கு 44 மி.மீ. தூரம் வேண்டும் என்பதால், இரண்டு கேமராவிலும் அதற்கான அடாப்டர் வழியாகத் தாராளமாக மாட்டலாம்.

இதன் பொருள் பணத்தில் தெரியும். இன்று எம்50-உம் மூன்று ஈஎஃப்-எம் லென்ஸும் வாங்கியவர், இரண்டு ஆண்டு கழித்துத் தொழிலில் முன்னேறி ஆர் வரிசைக்கு மாற நினைத்தால், எல்லாவற்றையும் விற்றுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆர்50 வாங்கியவர் உடலை மட்டும் மாற்றினால் போதும். எனவே எம்50 வாங்கத் தீர்மானித்தவர் அதற்காக லென்ஸ் சேர்ப்பதில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கூடவே வரும் 15-45 மி.மீ. லென்ஸ், மிஞ்சினால் 22 மி.மீ. எஃப் 2 லென்ஸ் ஒன்று. அதற்கு மேல் தேவைப்பட்டால் ஈஎஃப் லென்ஸும் அடாப்டரும் வாங்கலாம். அந்த லென்ஸ் பின்னாளில் ஆர் வரிசைக்கும் கூட வரும்.

அந்தச் சிறிய 22 மி.மீ. லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எம்50 வாங்க அதுவே முக்கியக் காரணமாகலாம். கோயில் கருவறை முன்னால் விளக்கொளிதான் இருக்கும். அங்கே பிளாஷ் அடிப்பதும் மரியாதையல்ல. ஆர்50-உடன் வரும் 18-45 மி.மீ. லென்ஸ் முழுதாக நீட்டிய நிலையில் எஃப் 6.3 அளவுக்குத்தான் திறக்கும். எஃப் 2 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். அதாவது ஒன்றில் ஐஎஸ்ஓ 6400 வைக்க வேண்டிய இடத்தில் மற்றதில் 640 போதும். அம்மன் முகம் பொரிபொரியாக வருவதற்கும் தெளிவாக வருவதற்கும் உள்ள தூரம் அது. பழைய கேமராவும் 22 மி.மீ. லென்ஸும், புதிய கேமராவையும் அதன் கிட் லென்ஸையும் இந்த ஒரு இடத்தில் தோற்கடித்துவிடும்.

கிட் லென்ஸிலும் பழையது ஒரு படி மேல்தான். எம்50-இன் லென்ஸ் 15 மி.மீ.யில் எஃப் 3.5, ஆர்50-இன் லென்ஸ் 18 மி.மீ.யில் எஃப் 4.5. அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் சடங்கு நடக்கும்போது, சுவரோடு சுவராக ஒட்டி நின்று எல்லாரையும் ஒரே படத்துக்குள் கொண்டு வரப் பார்ப்பவருக்கு அந்த 3 மி.மீ. பெரிய விஷயம். ஆர்50 வாங்குவோர் கிட் லென்ஸோடு நின்றுவிடாமல் 50 மி.மீ. எஃப் 1.8 ஆர்எஃப் லென்ஸுக்கும் சேர்த்துச் சேமிப்பது நல்லது. அது தனி ஆள் படத்துக்கு அருமை, ஆனால் சிறிய அறைக்கு ஆகாது. 2024-இல் சிக்மா நிறுவனமும் இந்த வாய்க்கு லென்ஸ் தரத் தொடங்கியது. முதலில் வந்தது 18-50 மி.மீ. எஃப் 2.8, திருமண வேலைக்கு அது ஒன்றே பெரும்பகுதியைச் சமாளித்துவிடும்.

பிளாஷ் விஷயத்தில் ஆர்50 வாங்குவோர் ஏமாறக்கூடும். அதன் மேலே உள்ள பொருத்துமிடம் புது வகை. அண்ணனிடமோ நண்பரிடமோ இருக்கும் பழைய பிளாஷை அப்படியே மாட்டினால் எரியாது; ஏடி-ஈ1 என்ற அடாப்டர் வேண்டும். திருமணத்துக்கு முதல் நாள் இரவு இதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

பேட்டரியில் எம்50 சோதனை அளவுப்படி ஒரு முறை சார்ஜுக்கு 235 படம், ஆர்50 திரையைப் பார்த்து எடுத்தால் 370. ஆர்50-ஐ யுஎஸ்பி-சி வழியாகத் தகுந்த பவர்பேங்கில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். எம்50-இல் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜரில்தான் போட வேண்டும். தண்ணீர்மலையில் 500-க்கும் மேற்பட்ட படிகளை ஏறிய பிறகு பேட்டரி தீர்ந்தால் கீழே ஓடிவர யாருக்கும் தெம்பு இருக்காது. எம்50 வைத்திருப்பவர் இரண்டு கூடுதல் பேட்டரி எடுத்துப் போவது கட்டாயம். எடை இரண்டும் 400 கிராமுக்குக் கீழ். மோட்டார்சைக்கிளில் பாலம் கடந்து வருபவருக்கு இரண்டும் சுமையில்லை.

இரண்டுமே மழைத் தடுப்பு இல்லாதவை. தேர் வரும் வழியில் ஆயிரக்கணக்கில் தேங்காய் உடையும்போது தெறிக்கும் இளநீர் உப்பும் சர்க்கரையும் கலந்தது. பொத்தான் இடுக்கில் நுழைந்து காய்ந்தால் பிசுபிசுக்கும். ஒரு நெகிழிப் பையில் ஓட்டை போட்டு லென்ஸை வெளியே நீட்டிக்கொண்டால் போதும்.

செகண்ட்ஹேண்ட் எம்50 பார்க்கப் போகிறவர் கைவிளக்கு ஒன்றைக் கொண்டு போக வேண்டும். நம் நாட்டு ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். லென்ஸின் ஒரு பக்கமிருந்து விளக்கடித்து மறுபக்கமிருந்து பார்த்தால் சிலந்திவலை போன்ற வெள்ளை நூல்கள் தெரியும். தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்க வேண்டாம். திருப்பித் திறக்கும் திரையைப் பல முறை மடக்கிப் பார்த்து, எந்தக் கோணத்திலாவது படம் அணைகிறதா என்று கவனிக்க வேண்டும். வெள்ளைச் சுவரைச் சிறிய துவாரத்தில் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரில் உள்ள கறைகள் தெரிந்துவிடும். புதிது வாங்குவோர் உள்ளூர் உத்தரவாதம் உண்டா, வெளியிலிருந்து தனியாக இறக்கிய கருவியா என்று பில் போடும் முன் கேட்டுக்கொள்ளட்டும். விலை வித்தியாசத்துக்குக் காரணம் பல நேரம் அதுதான்.

கடைகளில் இன்னொரு பெயரும் காதில் விழும்: ஈஓஎஸ் ஆர்100. இது வந்தது 2023 மே மாதம், ஆர்50-க்குப் பிறகு, விலையும் குறைவு. ‘அதைவிடப் புதுசு’ என்று சொல்லி விற்பார்கள். ஆனால் உள்ளே இருப்பது எம்50-இல் இருந்த அதே டிஜிக் 8 செயலி. 4கே-யில் அதே சுருக்கம். திரை திரும்பாது, தொட்டாலும் வேலை செய்யாது. வாய் மட்டும் புதியது. வெளிவந்த ஆண்டை மட்டும் வைத்துப் புதுசு பழசு என்று முடிவு செய்வதற்கு இல்லை.

காணொலியும் ஓடும் ஆட்களும் முக்கியம், இதையே தொழிலாக்கும் எண்ணமும் இருக்கிறது என்பவர் இன்னும் சில மாதம் பொறுத்து ஆர்50 வாங்குவதே சரி. குடும்ப நிகழ்ச்சி, கோயில், ஊர் என்று படம் எடுக்கக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு, பூஞ்சையில்லாத எம்50-உம் 22 மி.மீ. லென்ஸும் நியாயமான விலையில் கிடைத்தால் தயங்க வேண்டியதில்லை. எதை வாங்கினாலும், நேராகத் தேர் முன் கொண்டு போவதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலைப் பூசையில், அர்ச்சகரிடம் அனுமதி கேட்டு, பிளாஷ் இல்லாமல் ஐம்பது படம் எடுத்துப் பார்க்கலாம்.